நூறு ஹெர்ட்ஸில் ஒரு வெட்டு

டோல்கேட்டில் மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், பஞ்சர் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைதான் செங்கொடியின் சர்வீஸ் கடை. கீபோர்டு வரும், மிக்ஸர் வரும், சர்ச் மைக் செட்டும் வரும். ஆனாலும் வடசென்னையில் மேடையேறுகிறவர்கள் அந்தக் குறுகல் படியில் ஏறுவது பெரும்பாலும் கிட்டார் பிராசஸருக்காகத்தான். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே காலடியில் கிடக்கும் இரும்புப் பெட்டி அது. ஒரு பட்டனை மிதித்தால் கம்பி அழும், இன்னொன்றை மிதித்தால் உறுமும். உள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அது நின்றுபோனால் ரிப்பேர்க்காரர்கள் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். செங்கொடி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஒக்காருங்க, பாக்கலாம்" என்பாள்.

வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா பக்தவச்சலம் தொழிற்சங்கக்காரர், அதனால் இந்தப் பெயர். புருஷன் அறிவு மணலியில் லாரி பட்டறையில் வேலை செய்கிறான். அவளுக்கு வயது முப்பத்தாறு.

போன மாசி மாதம் ஒரு காலையில் ஜெகதீசன் என்பவர் வந்தார். எண்ணூர்ப் பக்கம் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலை விட்டுவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய், இப்போது மணலி புதுநகரில் குடியிருக்கிறார். நாற்பது வயதுக்கு மேல் கிட்டார் கற்றுக்கொண்டு, நண்பர்களோடு கோயில் திருவிழாக்களில் வாசிக்கிறவர்.

"சிஸ்டர், தடிமனான கம்பில மூணாவது கட்டத்துல கை வெச்சா சத்தம் செத்துப்போவுது. மத்ததெல்லாம் சோக்கா கீது. அந்த ஒரு எடம் மட்டும் தண்ணிக்குள்ள வாசிக்கற மாதிரி கீது. ரெண்டு தபா கம்பிய மாத்திட்டேன்."

"கம்பிய மாத்தச் சொல்லி யாரு சொன்னாங்க?"

"இந்த சவுண்ட வித்தவங்களே சொன்னாங்க. கம்பி பழசா கீது, மாத்துங்கன்னு."

செங்கொடி ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். முதலில் அடாப்டர். சரியான வோல்ட்டேஜ்தான். அடுத்து வயர். வேறு வயர் போட்டும் அதே கோளாறு. பிறகு அவருடைய கிட்டாரை எடுத்துவிட்டுக் கடைக் கிட்டாரைச் செருகினாள். அதிலும் மூன்றாவது கட்டத்தில் சத்தம் அமுங்கியது. கம்பி மேல் பழி போட முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கடைசியாகப் பெட்டியோடு கம்பெனி வைத்துத் தந்த சத்தம் ஒன்றுக்கு மாற்றினாள். மூன்றாவது கட்டம் மணி அடித்தாற்போலக் கேட்டது.

"பெட்டில ஒன்னும் இல்ல. நீங்க ஏத்திகீற பேட்ச்லதான் கோளாறு" என்றாள். எவ்வளவு எதிரொலி, எவ்வளவு கரகரப்பு, எந்தச் சுரத்தைத் தூக்க வேண்டும், எதை அடக்க வேண்டும் என்று அளந்து சேமித்து வைத்த சத்தக் கலவைக்குப் பேட்ச் என்று பெயர்.

பெட்டியை லேப்டாப்பில் இணைத்து அந்தப் பேட்ச்சைத் திறந்தாள். "கடலோரம்" என்று பெயர் போட்டிருந்தது. திரையில் சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு நூறு ஹெர்ட்ஸ் வந்ததும் கிணறு வெட்டினாற்போலச் செங்குத்தாக இறங்கி, உடனே ஏறியது. தடிமனான கம்பியின் மூன்றாவது கட்டத்துச் சுரம் சரியாக அந்தக் கிணற்றுக்குள்தான் விழுகிறது. கோளாறு கிடைத்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

அன்றைக்கு வரவில்லை. மவுஸ் மேலிருந்த கை அப்படியே நின்றது. எதிரொலியின் அளவைப் பார்த்தாள். இரைச்சலை அடக்குகிற எண்ணைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவள் வைத்தது. தான் தைத்த ரவிக்கையை இன்னொருத்தி போட்டு வந்தால் தையல்காரிக்குத் தெரியாமல் போகுமா?

"இத்த எங்க வாங்குனீங்க?"

"ஃப்ளோரன்ஸ் மேடம்கிட்ட. ஆன்லைன்ல பன்னண்டு சவுண்டு ஒரே பேக்கா போட்டுகீறாங்க. ராயபுரத்துக்காரங்க. தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியுமாவா?

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டில் ஈயம் பற்றவைத்தவர்கள். ஃப்ளோரன்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பாள். யாரோ கழித்துப்போட்ட பிராசஸர் ஒன்றை வாங்கி வந்தாள். அது திரையில் கம்பெனி பெயரைக் காட்டிவிட்டு அதற்கு மேல் நகராது. அதைச் செங்கொடிதான் வீட்டுக்கு எடுத்துப்போய், பதினேழு நாள் போராடி உயிர் கொடுத்தாள். இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே அப்படித்தான். கம்பெனி மூடிய பிறகு ஒருத்தி கடை போட்டாள், மற்றவள் மேடையேறினாள். கல்யாணம், கருமாதி, பிள்ளைப்பேறு எதிலும் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி இல்லை. செங்கொடிக்குக் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரியில் நாலு நாள் கூடவே இருந்தவள் ஃப்ளோரன்ஸ்.

ஃப்ளோரன்ஸின் குழு பயிற்சி எடுத்த இடம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய சமுதாயக் கூடம். அங்கே எர்த் சரியில்லை. நம் ஊர்க் கரண்ட் நொடிக்கு ஐம்பது தரம் ஆடுகிறது. எர்த் கெட்ட இடத்தில் அதன் இரட்டிப்பு நூறாக ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருக்கும். வயரிங்கை மாற்றக் கூடத்துக்காரர்கள் சம்மதிக்கவில்லை. அதனால் அந்த நூறை மட்டும் வெட்டி எடுத்து ஒரு பேட்ச் செய்து கொடுத்தாள் செங்கொடி. "இது இந்த ஹாலுக்கு மட்டுந்தான். வெளில வாசிச்சா இந்த வெட்ட எடுத்துடணும், மறந்துடாத" என்று சொல்லியும் கொடுத்தாள். ஃப்ளோரன்ஸ், "சரி டாக்டரம்மா" என்று கும்பிட்டாள்.

ஜெகதீசன் தன் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். நீலச் சுவருக்கு முன்னால் ஃப்ளோரன்ஸ் உட்கார்ந்து பேசினாள். "இந்த சவுண்ட் ஒவ்வொண்ணையும் மூணு வருஷமா ராத்திரி பகல் பாக்காம, என் ரூம்ல தனியா உக்காந்து உருவாக்கினேன். எனக்கு யாரும் சொல்லித் தரல. கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்."

அவள் அப்படிச் சுத்தமாகப் பேசி செங்கொடி கேட்டதே இல்லை.

"இன்னா சிஸ்டர், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒன்னுல்ல." வெட்டை எடுத்துவிட்டுப் பேட்ச்சைச் சேமித்தாள். ஜெகதீசன் வாசித்துப் பார்த்தார். மூன்றாவது கட்டம் கணீரென்றது. "எப்டி சிஸ்டர் பாத்தவுடனே புட்ச்சீங்க?" என்று வியந்தார். அவர் படியிறங்கிய பிறகு கதவைப் பாதி சாத்திவிட்டு அந்த வீடியோவைத் தன் போனில் மறுபடியும் பார்த்தாள். தனியா உக்காந்து. அந்த இரண்டு வார்த்தை வந்ததும் நிறுத்தினாள். திரும்பவும் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் ராயபுரத்துக்குப் போனாள். ஃப்ளோரன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வாடி வாடி, வஞ்சிர மீனு கொழம்பு, ஒக்காரு" என்று தட்டை எடுக்கப் போனாள்.

"துன்ன வர்ல. கடலோரம்னு ஒரு சவுண்டு விக்கிறியாமே."

ஃப்ளோரன்ஸின் கை ஒரு நொடி தட்டு மேலேயே இருந்தது. பிறகு அதை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஆமா. ஒங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். கச்சேரி, ஷூட்டிங்குன்னு ஓடிகினே இருந்தனா, மறந்துட்டேன்."

"அது என் சவுண்டு."

"நம்ம சவுண்டுடி. நான் வாசிச்சு வாசிச்சு தானே நீ திருகுன? இன்னும் கொஞ்சம் அழுவணும், இன்னும் கொஞ்சம் தூரத்துல கேக்கணும்னு யாரு சொன்னது?"

அதில் உண்மை இருந்தது. அதைச் செங்கொடியும் மறுக்கவில்லை. "நம்முதுன்னு சொல்லியிருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன். தனியா உக்காந்து பண்ணேன்னு சொன்ன. யாரும் சொல்லித் தரலன்னு சொன்ன."

"அது வீடியோக்கு சொல்றதுடி. எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க."

"சரி. நூறுல ஒரு வெட்டு கீதே, அது இன்னாத்துக்கு?"

ஃப்ளோரன்ஸ் முழித்தாள். "இன்னா வெட்டு?"

"ஒருத்தரு மூணாவது கட்டத்துல சத்தம் வர்லன்னு கேட்டாரு. நீ கம்பிய மாத்துன்னு சொல்லிகீற. அவுரு ரெண்டு தபா மாத்திகீறாரு. பாவம், ஷிப்டு வேலக்கி போற மனுஷன்."

ஃப்ளோரன்ஸின் முகம் சிவந்தது. பதில் தெரியாத வெட்கம் அவளிடம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். "இன்னாடி, போலீஸு மாதிரி வெசாரிக்கிற? நீ பண்ணது ரிப்பேரு. நான் பண்ணது மியூசிக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் கீது. உம் பேர்ல போட்டிருந்தா யாரு கேட்டிருப்பா, சொல்லு? எம் பேருக்காகத் தானே கேக்குறாங்க."

செங்கொடி திரும்பி நடந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது ஃப்ளோரன்ஸ் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். "கோச்சிக்காதடி. ஒம் பேரையும் போட்டுடறேன், சத்தியமா."

பேரைப் போட்டாள். மூன்று நாள் கழித்து வீடியோவின் கீழே, நன்றிப் பட்டியலின் கடைசியில், ஒளிப்பதிவு செய்தவருக்கும் சாப்பாடு கொடுத்தவருக்கும் அடுத்ததாக ஒரு வரி இருந்தது: "வயர் மற்றும் ரிப்பேர்: செங்கொடி." அதை அறிவிடம் காட்டினாள். அறிவு படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தான். "இதுக்கு ஒன்னியும் போடாமலே வுட்டிருக்கலாம்" என்றான்.

அவன்தான் பிறகு வற்புறுத்தினான். "நீ கம்முனு இருந்தா அவ சொன்னதுதான் நெசம்னு ஆயிடும். நீயும் ஒரு வீடியோ போடு. நீ பண்ணத நீயே சொல்லு." ஜெகதீசனைக் கேட்டதும் கிட்டாரோடு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கடைக்குள்ளேயே வைத்து அறிவு போனில் படம் பிடித்தான். கீழே பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் சத்தம் நடுநடுவே விழுந்தது. ஜெகதீசன் வாசிக்க, செங்கொடி "கடலோரம்" உட்படத் தன் ஐந்து பேட்ச்சுகளை எப்படிச் செய்தாள், எந்த எண்ணை எதற்காக வைத்தாள் என்று விளக்கினாள். ஃப்ளோரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுடைய தீர்மானம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஐந்தையும் இலவசமாகப் போட்டாள்.

முதல் நாள் இருபது பேர் பார்த்தார்கள். இரண்டாவது நாள் ஒருவர் எழுதினார்: "இது அப்படியே ஃப்ளோரன்ஸ் அக்காவின் கடலோரம். காப்பி அடித்துவிட்டு இலவசம் என்று பெருமை வேறு." அதன் கீழே இன்னும் எட்டுப் பேர். "அடுத்தவர் உழைப்பைத் திருடாதீர்கள்." "ரிப்பேர் செய்யக் கொடுத்தால் இப்படித்தான் உள்ளே இருப்பதைச் சுட்டுவிடுவார்கள். இனி இந்தக் கடைக்குப் போகாதீர்கள்."

செங்கொடிக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. ஃப்ளோரன்ஸ் பார்ப்பாள், பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள் என்று உண்மையிலேயே நம்பினாள். சண்டை வேறு, திருடிப் பட்டம் வேறு. ஆஸ்பத்திரியில் நாலு நாள் உட்கார்ந்திருந்தவள், தன்னை ஊரார் திருடி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். அன்றைக்கு முழுக்க வேலைக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஃப்ளோரன்ஸின் பதில் வந்திருந்தது. "அப்படியே ஃப்ளோரன்ஸ் அக்காவின் கடலோரம்" என்று எழுதியவருக்கு அவள் பதில் எழுதியிருந்தாள். கும்பிடுகிற இரண்டு கைகளின் படம். அதன் பக்கத்தில், "உங்கள் அன்புக்கு நன்றி."

செங்கொடி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். பற்றவைக்கும் கருவி சூடேறி, முனை கறுத்து, புகைந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை. சொல்லாமல் எடுத்தது, தனியாகச் செய்தேன் என்றது, வயரோடு சேர்த்துப் பேர் போட்டது எல்லாவற்றுக்கும் அவள் மனசு ஏதாவது ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தது. இந்த இரண்டு கைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அறிவிடம் போனில் பேசும்போதுதான் அழுதாள். "நன்றி சொல்லிகீறாடா அவ. அவனுக்கு நன்றி சொல்லிகீறா" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதம் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். இரண்டு சர்ச்சுக்காரர்கள் கொடுத்திருந்த சாமான்களை அவள் ரிப்பேர் பார்க்கும் முன்பே திரும்ப வாங்கிப்போனார்கள். ஜெகதீசன் மட்டும் தனக்குத் தெரிந்ததை எல்லாருக்கும் எழுதினார். மூன்றாவது கட்டத்துக் கதையை விலாவாரியாகச் சொன்னார். சிலர் நம்பினார்கள். பலர் அதற்குள் வேறு சண்டைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

சித்திரை பிறந்த வாரத்தில் ஃப்ளோரன்ஸ் வந்தாள். படியேறிய மூச்சு வாங்க, மார்போடு பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றாள். பிராசஸருக்குப் புதிய சாஃப்ட்வேர் ஏற்றும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து பெட்டி கறுப்புத் திரையோடு கிடக்கிறது. இரண்டு பேரிடம் காட்டியாயிற்று. கைவிரித்துவிட்டார்கள். சனிக்கிழமை பெரிய மேடை.

"எனக்கு வேற யாருடி கீறா?" என்றாள்.

செங்கொடி அந்தப் பெட்டியை வாங்கி வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் செத்த பெட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவள் கைக்குத் தெரியாது. இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்தாள். ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்கியது. உள்ளே உயிர் இருக்கிறது. நடுவில் எந்த இணைப்பும் இல்லாமல் நேராகப் பழைய லேப்டாப்பில் செருகி, முந்தைய சாஃப்ட்வேரை முதலிலிருந்து ஏற்றினாள். இரண்டு முறை பாதியில் நின்றது. வயரை மாற்றியதும் மூன்றாவது முறை நூறு சதவிகிதம் போய் முடிந்தது. திரை வெளிச்சமாயிற்று.

ஃப்ளோரன்ஸ் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள். பட்டனை மிதித்துப் பார்த்தாள். முகம் மாறியது. "என் சவுண்டெல்லாம் எங்க?"

"முழுசா ஏத்துனா உள்ள இருந்தது அழிஞ்சிடும். இப்ப கம்பெனி சவுண்டுதான் கீது."

"விக்கிறதெல்லாம் வேற மாடலுக்கு மாத்துனது, இதுல ஏறாது. ஒங்கிட்ட பேக்கப் கீதே. அறுவது பேட்ச்சும் நீ எடுத்து வெச்சிருப்பியே."

இருந்தது. அந்த லேப்டாப்பிலேயே, ஃப்ளோரன்ஸ் பெயரில், வருஷ வாரியாக.

"என்னுது கீது" என்றாள் செங்கொடி. "ஒன்னுது எங்கிட்ட ஏது? நீதான் தனியா உக்காந்து பண்ணியே."

"பழி வாங்கறியாடி?"

"தெர்ல. அந்தக் கும்புடற கை போட்டியே, அத்தப் போடறப்ப என்னிய நெனச்சியா?"

ஃப்ளோரன்ஸ் தரையைப் பார்த்தாள். கீழே சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று கடந்து போனது. "நெனச்சேன்" என்றாள் ஃப்ளோரன்ஸ், மெதுவாக. "நீ பண்ணதுன்னு ஒத்துகினா எல்லாம் போயிடும்னு பயந்துட்டேன். நீ பொறுத்துப்பன்னு நெனச்சேன்."

நீ பொறுத்துப்ப. அவள் பொய்யே சொல்லியிருக்கலாம் என்று செங்கொடிக்குத் தோன்றியது. பெட்டியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி நீட்டினாள்.

சனிக்கிழமை ஃப்ளோரன்ஸ் கம்பெனி சத்தத்தை வைத்தே வாசித்தாள். ஜெகதீசன் போயிருந்தார். கடைக்கு வந்தவரைச் செங்கொடி கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நல்லாத்தான் இருந்துச்சி சிஸ்டர். கை தட்டுனாங்க. ஜனங்களுக்கு வித்தியாசம் தெர்ல." பிறகு அவசரமாக, "எனக்குத் தெரிஞ்சிது" என்று சேர்த்துக்கொண்டார். செங்கொடி சிரித்து வைத்தாள். பாதி ராத்திரிகளைத் தின்ற வேலை இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்று கேட்பது, திருடி என்று கேட்டதைவிட வேறு மாதிரி வலித்தது.

வாடிக்கை மெல்லத் திரும்பிற்று. பழுதான சாமானுக்கு வம்பு பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. ஃப்ளோரன்ஸின் வீடியோ இன்னும் இருக்கிறது, அந்தக் கும்பிடும் கைகளும் இருக்கின்றன. ஐப்பசியில் ஒரு நாள் டோல்கேட் சிக்னலில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். "நல்லா கீறியா?" என்றாள் ஃப்ளோரன்ஸ். "கீறேன்" என்றாள் இவள். பச்சை விழுந்தது.

போன வாரம் ஒரு வினோதமான கோளாறு வந்தது. தினமும் மத்தியானம் மட்டும் தானாகப் பேட்ச் மாறிக்கொள்கிற பெட்டி. நாலு நாள் பிடிபடவில்லை. ஐந்தாம் நாள், தகரக் கூரைச் சூட்டில் பெட்டிக்குள் விரிந்து விலகுகிற ஒரு முடி அளவு விரிசலைக் கண்டுபிடித்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே அது தெரிந்ததும், "மாட்னியா!" என்று கத்தியேவிட்டாள். கை தன்னால் போனை எடுத்தது. எஃப் என்ற எழுத்து வரை பெயர்களை நகர்த்திய பிறகுதான் யாரைக் கூப்பிடப் போகிறோம் என்பது உறைத்தது.

போனைக் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் வீட்டில் அறிவிடம் அந்த விரிசலைப் பற்றிச் சொன்னாள். எங்கே இருந்தது, எப்படித் தெரிந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அறிவு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "அப்டியா" என்றான், அன்பாகத்தான். கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னான்.